வேலிப் பொட்டை அடைத்த நாள்

எனக்கு எழுபத்தொரு வயது. வளர்த்தது ஏழு பிள்ளைகள். மூன்று நான் பெற்றவை. நான்கு இங்கே பலேர்மோவில் இத்தாலிய எசமானிகளான சின்யோராமாரின் வீடுகளில் வேலை செய்தபோது என் இடுப்பில் வளர்ந்தவை. ஏழுக்கும் உண்மை பேசப் பழக்கியவள் நான். நாலாம் வகுப்போடு நின்றதால் எழுத்து மெதுவாகத்தான் வரும்.

போன கிழமை பேத்தி என்னைச் சீசா என்ற பகுதியில் ஓடிய ஒரு படத்துக்குக் கூட்டிப்போனாள். ரோமானி என்ற சனத்தின் கதை; எங்களைப்போல வழக்கம் பார்க்கிறவர்கள். இரண்டு இளம் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி விரும்புகிறார்கள். ஒருத்திக்கு வீட்டார் கலியாணம் பேசி முடித்து, காவலுக்குச் சின்னத் தங்கையை வாசலில் இருத்துகிறார்கள். அந்தச் சின்னதைக் கண்டதும் எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

"இவையளும் பொன்னுருக்குவினமோ?" என்று கேட்டேன்.

"சும்மா இருங்கோ அம்மம்மா, சனம் திரும்பிப் பாக்குது."

ஊரில் எங்கள் அக்காவுக்குப் பொன்னுருக்கியபோது எனக்கு ஏழு வயது. தாலிக்குப் பொன் உருக்கிவிட்டால், கலியாணம் வரை பெண் வெளிக்கிடக் கூடாது, மாப்பிள்ளையின் கண்ணில் படக்கூடாது. அம்மா என்னைக் காவலுக்கு விட்டார். நானும் பூவரசந் தடி ஒன்றோடு நின்றேன்.

பின்வேலியில் ஓர் ஆள் நுழையக்கூடிய ஓட்டை, பொட்டு என்போம், இருந்தது. அதற்கு அப்பால் அக்காவின் சிநேகிதி வீடு. அக்கா அங்கேதான் வந்து நின்றார்.

"மாப்பிள்ளையைப் பாக்கவே போறன்? இவளிட்டைத்தானேடி. கொஞ்ச நேரம்."

யோசித்துப் பார்த்தேன். அந்த வீட்டில் ஆம்பிளை என்று ஒருவரும் இல்லை. தடியை விலக்கினேன், காவல்காரியல்லவா, பின்னாலேயே போனேன். கிணற்றடியில் இருவரும் சத்தமில்லாமல் அழுதார்கள். அக்கா தன் வளையல் ஒன்றைக் கழற்றி அவவுக்குப் போட்டுவிட்டார். அவ அக்காவின் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு விடவேயில்லை.

அக்காவை விட்டு நான் முதலில் திரும்பி வர, அம்மா பொட்டடியில் நின்றார்.

"எங்கையடி அவள்?"

அக்காவைக் காப்பாற்ற வேண்டுமே. அங்கே ஆம்பிளை ஒருவரும் இல்லை என்று நம்பவைக்க, கண்ணால் கண்டதெல்லாம் சொன்னேன். வளையலைச் சொன்னேன், கன்னத்தையும் சொன்னேன். அம்மா சிரிப்பார் என்று பார்த்தால், என் வாயைப் பொத்தினார்.

"இதை ஒருத்தருக்கும் சொல்லாதை."

பின்னேரமே ஐயா தென்னோலைக் கிடுகு வைத்துப் பொட்டை அடைத்தார். நான்தான் கயிறு எடுத்துக் கொடுத்தேன். அக்கா அழாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ ஏனடி சொன்னனி?"

"உண்மையைத்தானே சொன்னனான்."

சிநேகிதி கலியாணத்துக்கு வரவில்லை. அவவுக்கென்று எடுத்து வைத்த பலகாரத்தையும் நானே தின்றேன்.

அக்கா இப்போது கனடாவில். ஞாயிறுதோறும் போனில் கதைக்கிறோம். பொட்டைப் பற்றி மட்டும் கதைத்ததில்லை. மாப்பிள்ளையைப் பார்க்காத பெண்ணுக்கு எதற்காகப் பொட்டை அடைத்தார்கள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. படம் பார்த்த பிறகும் பாதிதான் விளங்குகிறது. பிழை என்றால் எது பிழை, அவர்கள் அழுததா, நான் சொன்னதா?

பேத்திப் பிள்ளை, நான் எழுதின இதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. ஏனடி சொன்னனி எண்டு அக்கா கேக்கிற இடத்திலை கொஞ்சம் நிப்பாட்டு. எனக்கு வேறை மறுமொழி சொல்ல வருதோ எண்டு பாப்பம்.