கைவாத்தியாரின் வலது கை

அவருக்குக் கைவாத்தியார் என்று பெயர் வைத்தது மாணவர்கள்தான். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் கையை வைத்து வரும் ஆங்கிலச் சொலவடைகள்தான் அவருடைய தனிச் சரக்கு. போர்டில் எழுதமாட்டார். நடித்துக் காட்டுவார், வகுப்பு அச்சுப் பிசகாமல் திருப்பிச் செய்யவேண்டும்.

"ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக். கப்பல்காரன் பாஷையில ஹேண்டுன்னா ஆளு. புயல் வந்தா அத்தனை பேரும் மேல்தளத்துக்கு ஓடணும். இப்ப ஆபீஸ்ல வேலை குவிஞ்சாலும் அதேதான். எங்க, கயித்த இழுங்க!"

பக்கவாதம் வந்து வலது கை போனது. கால் திரும்பியது, பேச்சு திரும்பியது, கை மட்டும் திரும்பவில்லை. "வந்தவரைக்கும் லாபம்னு வச்சுக்குங்க" என்றார் டாக்டர். வகுப்பு நடத்தும் சென்டரின் முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். வேறு பிழைப்பு தெரியாத மனிதர். அவரும் மனைவியும் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

மனைவி சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, அந்தக் கையை எடுத்துப் பேன்ட் பாக்கெட்டுக்குள் செருகினாள். "இப்படியே நில்லுங்க. கல்யாண மாப்பிள்ள மாதிரி இருக்கு."

"இந்த மாப்பிள்ளைக்குப் பொத்தான் போடத் தெரியாதுடி."

அன்று அவரை முன்பின் பார்த்திராத புதிய வகுப்பு. தான் செய்வதை அப்படியே செய்யவேண்டும் என்று சொல்லியிருந்தார். இடது கையால் மரஸ்கேலின் அடியைப் பிடித்தார். "அப்பர் ஹேண்ட். ரெண்டு பேர் ஒரு குச்சிய மாத்தி மாத்திப் பிடிச்சு மேல போறது. கடைசியா உச்சியப் பிடிச்சவன் கை ஓங்கிருச்சு. அந்த விளையாட்டுலேருந்து வந்ததுன்னு ஒரு பேச்சு உண்டு. எங்க, செய்யுங்க!"

செய்தார்கள். எல்லோரும் இடது கையால். எல்லோருடைய வலது கையும் பாக்கெட்டுக்குள். பாக்கெட் இல்லாத பெண்ணொருத்தி கைப்பைக்குள் விட்டுக்கொண்டாள்.

 கையை வெளியே எடுங்கள் என்று சொன்னால் அவரும் எடுக்கவேண்டும். "குட்" என்றார்.

வாசலில் முதலாளி நின்றிருந்தார்.

"என்ன சார் இது, மொத்த வகுப்பும் பாக்கெட்டுல கைய விட்டுட்டு நிக்குது?"

"அதுவும் ஆக்‌ஷன் சார்" என்றாள் கைப்பைக்காரி.

முதலாளி சிரிக்கவில்லை. "சார், அந்தக் கைய வெளிய எடுங்க."

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி வெளியே விட்டார். அது தொங்கியது. பெஞ்சுகளின் முன் நின்றவர்களும் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கித் தொங்கவிட்டார்கள். அவர்களைத் திட்ட ஒன்றுமில்லை. அவர் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

முதலாளி அவர் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிவந்தார். "வீட்ல நல்லா ரெஸ்ட் எடுங்க. சரியானதும் நானே கூப்பிடுறேன்."

"சரியாகாதுங்க" என்றார் அவர். முதலாளி காதில் விழாததுபோல் உள்ளே போனார்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள். அவர் பாக்கெட்டுக்கு வெளியே தொங்கிய கையைப் பார்த்தாள். உட்காரவைத்துப் பொத்தான்களைக் கழற்றினாள்.

"நாளைக்கு நீலச் சட்டையத் தேய்க்கணுமா?"

"வேண்டாம்" என்றார்.

நீலச் சட்டையை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள்.