வேர்ப்பதற்கு ஒரு பாஸ்

காசு கொடுத்து வேர்க்கும் மனிதர்களும் உலகத்தில் உண்டு என்று எனக்குத் தெரியவந்தபோது நான் கம்பெனி கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். போனில் ஒரு செய்தி. கப்பல் டிக்கெட் எடுத்துக்கொடுத்த டிராவல்ஸ்காரர் அனுப்பியிருந்தார். கப்பலில் ஸ்பா இருக்கிறது, அதற்கு அரைநாள் பாஸ் உண்டு, ஏறுவதற்கு முன்பே எடுத்தால் சலுகை, ஏறிய பிறகு எடுத்தால் விலை வேறு என்று எழுதி, கீழே வரிசையாகப் படங்கள் போட்டிருந்தார். விலையைப் பார்த்தேன். பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. வடக்குப்பட்டில் நாங்கள் குடியிருக்கும் மாடிப் போர்ஷனின் ஒரு மாத வாடகை அது. அதுவும் ஒரு ஆளுக்கு.

கப்பலில் போகிற அளவுக்கு நாங்கள் பெரிய ஆட்கள் இல்லை. ஒரகடத்தில் என் கணவர் வேலை பார்க்கும் கார் உதிரிபாகக் கம்பெனியில், லீவே போடாமல் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுப்பார்கள். ஒரு வருஷம் குக்கர் கொடுத்தார்கள், ஒரு வருஷம் சூட்கேஸ். இந்த முறை நிர்வாகத்துக்கு என்ன தோன்றியதோ, சென்னைத் துறைமுகத்தில் கிளம்பி இரண்டு ராத்திரி கடலைச் சுற்றிவிட்டு வரும் கப்பலில் கணவன் மனைவி இருவருக்கும் டிக்கெட் என்று மேடையிலேயே அறிவித்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கிடையாது. மூன்றாவது படிக்கும் எங்கள் மகளை மண்ணூரில் இருக்கும் நாத்தனார் வீட்டில் விட்டுப்போவது என்று முடிவாயிற்று.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் நின்று வேலை பார்க்கும் லைன்காரி போனைப் பிடுங்கிப் பார்த்தாள். வல்லம் வடகால் ஊரிலேயே பிறந்து, அவளுடைய அப்பா நெல் போட்ட இடத்தில் எழும்பியிருக்கும் எங்கள் கம்பெனிக்கே வேலைக்கு வருகிறவள் அவள்.

“இன்னாக்கா இது? ரூம்புல வச்சுப் பூட்டி ஆவி வுடுவானா?”

“ஆமா.”

“அதுக்கு நாம துட்டு குடுக்கணுமா?”

“ஆமாடி.”

“நம்ம மோல்டிங் செக்சன்ல ஒரு ஷிப்ட் வந்து நிக்கச் சொல்லு அவங்கள. சும்மாவே வேர்த்து ஊத்தும். மாசக் கடைசில சம்பளமும் குடுப்பாங்க.”

மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. ஒரு அறையில் ஆவியாம். ஒரு அறையில் வெறும் சூடாம். அதிலிருந்து வெளியே வந்தால் தலையில் கவிழ்த்துக்கொள்ள ஒரு வாளி பச்சைத் தண்ணீராம். இன்னொரு அறையில் சுவர் முழுக்க உப்பு; உள்ளே போய் உட்கார்ந்து மூச்சுவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் பிறந்தது தூத்துக்குடிப் பக்கம். உப்பளத்தில் கால் வெடித்த ஜனங்கள் என் ஜனங்கள். அந்தக் காற்றுக்கு எங்களில் யாரும் காசு கொடுத்ததில்லை, அதிலிருந்து தப்பிக்கத்தான் நான் பஸ் ஏறி இந்த ஊருக்கே வந்தேன். படத்தில் ஒரு வெள்ளைக்காரி கண்ணை மூடி அந்த உப்பை மோந்துகொண்டிருந்தாள். எனக்கு அவளை உலுக்கி, இதற்கா காசு கொடுத்தாய் என்று கேட்க வேண்டும்போல இருந்தது.

கடைசிப் படம்தான் என்னை ஒரு மாதிரி ஆக்கிவிட்டது. பெரிய கண்ணாடிச் சுவர், அதற்கு அப்பால் கடல். கண்ணாடிக்கு முன்னால் வெதுவெதுப்பான டைல்ஸ் பதித்த சாய்வுப் படுக்கைகள். இரண்டு படுக்கைகளில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வெள்ளைத் துவாலை அங்கி போட்டுக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தார்கள். ஒன்றும் செய்யவில்லை. இரண்டு பேருக்கும் கண் திறந்திருந்தது. சாப்பாட்டு மணி முடிந்து லைனுக்குப் போன பிறகும் அந்தக் கண்களே என் முன்னால் நின்றன.

ஏன் என்று சொல்கிறேன். கல்யாணமான புதிதில் நானும் அவரும் ஒரே ஷிப்டில்தான் போய்வந்தோம். மகள் பிறந்த பிறகு பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இந்தப் பக்கம் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். நான் காலை ஷிப்ட் என்றால் அவர் மதிய ஷிப்ட். எனக்கு மாற்றிப் போட்டால் அவரும் சூப்பர்வைசரின் கையைக் காலைப் பிடித்து மாற்றிக்கொள்வார். எனக்கு வார விடுமுறை ஞாயிறு, அவருக்குப் புதன். என் கம்பெனி பஸ் என்னை இறக்கிவிடும் இடத்தில் அவருடைய பஸ்ஸுக்காக அவர் மகளோடு நிற்பார். அவர் கையிலிருந்து அவள் கையை நான் வாங்கிக்கொள்வேன். “சாப்டாளா?” என்பேன். “சாப்டா. இருமல் கீது, மருந்து குடு” என்பார். பஸ் வந்துவிடும். ராத்திரி அவர் திரும்பும்போது நான் தூங்கிப்போயிருப்பேன். விடியலில் நான் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். என் புருஷனின் முகத்தை நான் கண் மூடிய முகமாகத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதனால் எனக்கு ஆவியும் வேண்டாம், உப்பும் வேண்டாம். அந்த இரண்டு படுக்கைகள் வேண்டும். இரண்டு பேரும் விழித்திருக்கும் ஒரு காலைப்பொழுது வேண்டும். கப்பலில் வேறு இடமே இல்லையா என்று கேட்கலாம். பாட்டு, கூத்து, கூட்டம், சாப்பாட்டு வரிசை என்று டிராவல்ஸ்காரர் அனுப்பிய மற்ற படங்களில் எல்லாம் ஒரே ஜனம். அமைதியாக இருந்த படம் அது ஒன்றுதான்.

ஆனால் வாயைத் திறந்து கேட்க எனக்கு வரவில்லை. மாத வாடகையைக் கொண்டுபோய் ஆவியில் விடுவதா? படத்தை அவருக்கு அனுப்பி, “கொள்ளையடிக்கிறானுவ பாருங்க. நமக்கு வேண்டாம்” என்று வாய்ஸ் மெசேஜ் போட்டேன். சாயங்காலம், “நம்மளுக்கெல்லாம் எதுக்கு அது” என்று இன்னொன்று. மறுநாள், “சலுகை இன்னையோட முடியுதாம், முடிஞ்சா முடிஞ்சிட்டுப் போவுது” என்று மூன்றாவது. அதற்குத்தான் பதில் வந்தது. “செரி.” அந்த ஒரு சொல்லைக் கேட்டு எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வேண்டாம் என்று சொன்னது நான்தான். அதற்காக இப்படியா சட்டென்று ஒப்புக்கொள்வது?

மகளை மண்ணூரில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினோம். அது கப்பல் மாதிரியே இல்லை. உள்ளே லிப்ட், கடை, குளம், மாடிக்கு மேல் மாடி. ஒருவர் தட்டு நிறைய எடுத்து, ஒரு வாய் தின்றுவிட்டு, அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். எங்களுக்குக் கொடுத்த அறைக்கு ஜன்னல்கூட இல்லை. கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றும்போது அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

“ஒண்ணு சொன்னா கத்தக் கூடாது.”

“சொல்லுங்க.”

“அந்தப் பாஸ வாங்கிட்டேன். ரெண்டு பேருக்கும்.”

“ரெண்டு பேருக்குமா? உங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? நான்தான் வேண்டாம்னு சொன்னேம்லா?”

“மூணு வாட்டி சொன்ன. வாணாங்கிறவ ஒரு வாட்டிதான் சொல்வா.”

கத்தக் கூடாது என்று சொல்லியும் கத்தினேன். வாடகையை யார் கொடுப்பது, நாத்தனாருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்று என்னென்னவோ கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே விளக்கை அணைத்தார். இருட்டில் நானும் சிரித்தேன். என் மனசில் இருப்பது இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறதே என்று அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தால் அழுகை வருகிறது.

காலையில் பழக்கதோஷம், ஷிப்டுக்கு எழும் நேரத்துக்கே முழிப்பு வந்துவிட்டது. குளித்து, இருப்பதில் நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு அவரையும் கிளப்பினேன். ஸ்பா மேல் தளத்தில். கதவைத் தள்ளினால் தைல வாசம். கவுன்டரில் நின்ற பெண் நல்லவேளை தமிழ்ப்பெண். பேரைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளை அங்கியை எடுத்து என்னிடம் நீட்டினாள். ஒன்றே ஒன்று. கூட்டம் சேராமலிருக்கக் காலையில் பாதிப் பேர், மதியம் பாதிப் பேர் என்று விடுவார்களாம். எனக்குக் காலை. அவருக்கு மதியம்.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் வாசல் சோபாவில் உட்கார்ந்துவிட்டிருந்தார். “நீ போய்ட்டு வா. நான் இங்கயே குந்திகினு இருக்கேன். நீ வந்ததும் மத்யானம் நான் போறேன்.”

“ஏங்க, இடம் இல்லைன்னுட்டாங்களா?”

“இல்லியே. பாஸ் வாங்கும்போது நான்தான் அப்டிப் போட்டேன்.”

“ஏன்?”

“இன்னா ஏன்? ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள போய்ட்டா பாப்பாவ யாரு பாத்துக்கிறது?”

சோபாவில் அவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அவர் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மகள் அந்நேரம் மண்ணூரில் அத்தை சுட்டுப்போடும் தோசையைத் தின்றுகொண்டிருந்திருப்பாள். அவர் முகம் வெளுத்துப்போனதை நான் கண்ணால் கண்டேன். அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று எனக்குள்ளேயே இருந்தது. அவர் அதைச் சொன்னபோது ஒரு கணம் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆமாம், யார் பார்த்துக்கொள்வது என்று என் மனசும் கேட்டது.

“கை தானா போட்டுச்சு போல” என்றார்.

கவுன்டர் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, “பரவால்ல சார், காலைல இடம் இருக்கு. ரெண்டு பேரையும் ஒண்ணாவே போட்டுடறேன்” என்று இன்னொரு அங்கியை எடுத்து வைத்தாள். எனக்கு உயிர் வந்தது. உள்ளே கண்ணாடி வழியாகக் கடல் தெரிந்தது. படுக்கைகள் தெரிந்தன. அவரைக் கையைப் பிடித்து எழுப்பிக் கவுன்டருக்குக் கூட்டிவந்தேன்.

“சூடான இடம், அதனால எல்லார்கிட்டயும் கேக்கறது. பிரஷர், சுகர், ஹார்ட் பிராப்ளம் எதுனா இருக்கா?”

“அதெல்லாம் எங்களுக்கு ஒண்ணும் கிடையாது” என்று நானே பதில் சொன்னேன்.

“சுகர் கீது” என்றார் அவர்.

யாருக்கோ என்றுதான் முதலில் நினைத்தேன். “யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“எப்போருந்து?”

“போன வருஷம் கம்பெனி செக்கப்புல சொன்னாங்க. மாத்திர பாக்டரிலயே வச்சிருக்கேன். டெய்லி போட்டுக்கிறேன்.”

“ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம கேசரி கிண்டி வைக்கேனே. ராத்திரி வந்து நீங்கதான காலி பண்ணுதீங்க?”

“எனக்குன்னு செஞ்சு வச்சிட்டுத் தூங்கற. எப்டி மீதி வைக்கிறது?”

அந்தப் பெண் தயங்கிக்கொண்டே குறுக்கிட்டாள். சுகர் இருந்தால் டாக்டர் கடிதம் இல்லாமல் உள்ளே விட முடியாதாம். சிலருக்குக் காலில் சூடு உறைக்காது, கொப்புளம் கிளம்பினாலும் தெரியாது என்றாள்.

“ஆமாம்மா. எடது கால்ல கொஞ்ச நாளா அப்டித்தான் கீது” என்று அவர் அவளிடம் சொன்னார். அவளிடம்! முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், ஊர் மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். பக்கத்தில் நின்ற நான் அவரோடு எத்தனையோ வருஷமாக ஒரே பாயில் படுக்கிறவள்.

“ஏன் என்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

அவர் மழுப்பவில்லை. மெய்யாகவே விளங்காதவர்போல என்னைப் பார்த்தார். “எப்ப சொல்றது? நான் வர்றப்ப நீ தூங்கிகினு இருப்ப. எழுப்பி வச்சு சொல்ற விஷயமா இது?”

“மெசேஜ் போட்டிருக்கலாம்லா.”

“போட்டா லைன்ல நின்னுகினே அழுவ. அப்பறம் அங்க யாரு உன்னப் பாத்துக்கிறது?”

“மேடம் மட்டும் போய்ட்டு வாங்களேன், பணம் திரும்பக் குடுக்க மாட்டாங்க” என்று அந்தப் பெண் இரண்டு தரம் சொன்னாள். அந்தப் பாஸ் தேறியதா, வாங்கினது லாபமா நஷ்டமா என்று இன்றைக்கும் கேன்டீனில் கேட்கிறார்கள். உள்ளே காலே வைக்காதவள் என்ன சொல்ல முடியும்? அங்கிகள் இரண்டையும் கவுன்டரிலேயே வைத்துவிட்டு அவரை வாசல் சோபாவுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். நானும் உட்கார்ந்தேன். யாருக்கும் பஸ் வரப்போவதில்லை.

“வேற என்னல்லாம் என்கிட்ட சொல்லாம வச்சிருக்கீங்க?”

கோபமாகத்தான் கேட்டேன். அவர் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். சோபாவில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?”