மூன்று சுழி மண்ணிப்பு

ஜூன் 3: டாக்டருக்கு 62, மெக்கானிக்குக்கு 38.
ஜூன் 17: 57, 49.
ஜூலை 1: 40, 93.
ஜூலை 15: 98, 87.
ஜூலை 29: 19, 212.

இவை எங்கள் பத்திரிகைக்கு வந்த வாசகர் ஓட்டுகள். முப்பத்தொரு வருடம் அங்கே தபால் பதிவேடு எழுதியவன் நான். என் எண்ணிக்கையில் பிழை இருக்காது. ஜூலை 15 மட்டும் விதிவிலக்கு. அந்தப் பிழையும் என்னுடையது அல்ல.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் அந்தப் பத்திரிகையில் ஜப்பானிய மங்கா சித்திரக்கதை ஒன்று தொடராக வந்தது. கதாநாயகியைக் கைவிட்டுவிட்டுப் பெரிய இடத்துச் சம்பந்தம் தேடிப் போய், அது அமையாமல் திரும்பி வருகிறான் ஒரு டாக்டர். அதற்குள் அவளுடைய ஸ்கூட்டரைப் பழுது பார்த்த மெக்கானிக்குக்கு அவள்மேல் பிரியம் வந்துவிட்டது. 'அவள் யாருக்கு?' என்று கேட்டுக் கூப்பன் அச்சிட்டோம். அதன் அடியில் 'ஏன்?' என்று எழுத ஒரு வரி இடம்.

அதைத் தமிழாக்கி, பேச்சுக் குமிழிகளுக்குள் கையால் எழுதிக் கொடுத்தவளை ஆபீஸில் எல்லோரும் குமிழி என்றே கூப்பிட்டோம். வயது முப்பத்து நான்கு. அப்பா கடைகளுக்குப் போர்டு எழுதியவர். எழுத்து அவரிடமிருந்து வந்தது. ஒரு நாள் லேட்டாக வந்ததில்லை, ஒரு ஒற்றெழுத்தை விட்டதில்லை.

அந்தப் பக்கங்களுக்குப் பொறுப்பு உதவி ஆசிரியர். அவரும் குமிழியும் மூன்று வருடம் பழகினார்கள். கல்யாணப் பேச்சு எடுக்கும் நேரத்தில் அவர் முதலாளியின் மகளைக் கட்டிக்கொண்டார். குமிழிக்கு அரைப் பக்கத்தில் ஒரு கடிதம்: 'ப்ராக்டிகலா யோசி. என்னை மண்ணித்துவிடு.' ரெண்டு சுழி 'ன' வர வேண்டிய இடத்தில் அவருக்கு எப்போதும் மூணு சுழி 'ண'தான் வரும். பழகிய மூன்று வருடமும் அவருடைய பக்கங்களில் அந்தச் சுழியைச் சத்தமில்லாமல் குறைத்து வந்தவள் குமிழி. அதனால் அது தப்பென்றே அவருக்குத் தெரியாது. கடிதத்தை அவள் அகராதியில் 'ம' வரிசையில் வைத்திருந்தாள்.

டாக்டர்தான் ஜெயிப்பான் என்று உதவி ஆசிரியர் ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "பொம்பளைங்க மனசு எனக்குத் தெரியும். திரும்பி வந்தா ஏத்துக்குவாங்க" என்றார், குமிழியின் மேஜைக்கு எதிரிலேயே நின்று.

அடுத்த இதழிலிருந்து டாக்டர் வார்த்தைக்கு வார்த்தை "ப்ராக்டிகலா யோசி" என்று சொல்ல ஆரம்பித்தான்.

"என்னம்மா, டாக்டர் நம்ம சார் மாதிரியே பேசறான்?" என்று கேட்டேன்.

"ஜப்பான்லயும் இப்படி ஆளுங்க இருக்காங்க போல அண்ணே. நான் என்ன பண்ண முடியும்?"

ஓட்டு சரிந்தது. அச்சுக்கூடத்தில் ஆட்கள் "ப்ராக்டிகலா டீ குடிக்கலாமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். உதவி ஆசிரியரின் முகம் சுண்டிப்போனது. அப்புறம்தான் ஜூலை 15 வந்தது. டாக்டருக்குத் திடீரென்று 98. பதிவு செய்யும்போது பார்த்தேன்: அதில் அறுபத்து நான்கு கூப்பன்கள், அறுபத்து நான்கு பெயர்கள். சாய்த்து எழுதியது, நிமிர்த்தி எழுதியது, நீல மை, பச்சை மை. ஆனால் 'ஏன்?' என்ற இடத்தில் எல்லாவற்றிலும் 'பாவம், மண்ணித்துவிடலாம்.'

குமிழியிடம் காட்டி, "கழிச்சிடறேன்" என்றேன்.

"கழிக்காதீங்க."

"பொய் ஓட்டும்மா இது."

"அவரு என்கிட்ட தோத்தா எனக்குப் பத்தாது அண்ணே. ஊர் எண்ணிச் சொல்லணும். எழுதின கையாலேயே தோக்கணும்."

எட்டுக் கூப்பன்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு உதவி ஆசிரியரிடம் போனாள். "சார், டாக்டர் ரசிகர்கள் உருகி எழுதியிருக்காங்க. கையெழுத்தோட அப்படியே படமா போட்டுடலாமா?"

அவருக்கு வாயெல்லாம் பல். "போடு, போடு. இப்பவாவது ஒத்துக்கறியே."

அந்த இதழில்தான் டாக்டர் மழையில் நனைந்தபடி அவள் வாசலில் வந்து நிற்கிறான். அவன் தலைக்கு மேல் பெரிய குமிழியில், தன் அழகான எழுத்தில் எழுதினாள்: 'என்னை மண்ணித்துவிடு.' அச்சுக்குப் போகும் முன் ப்ரூஃப் அவரிடம் போனது. வரி வரியாகப் படித்தார். ஒரு கமாவை நீக்கினார். 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 22 இதழ். 29-ஆம் தேதிவரை தபால்காரர் தினம் இரண்டு நடை நடந்தார். 'ரெண்டு சுழி போதும். மூணாவது சுழி டாக்டர் தலையில் இருக்கும்.' 'மண்ணுதானே கேட்கிறார்? வாயில் போட எத்தனை கூடை?' ஒரு பள்ளி ஆசிரியை எட்டுக் கூப்பன்களையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, 'எட்டுப் பேருக்கும் ஒரே வாத்தியாரா?' என்று கேட்டிருந்தார்.

29-ஆம் தேதி மாலை முதலாளியின் மகள் இதழோடு வந்தாள். எல்லோர் முன்னிலையிலும் புருஷனைக் கேட்டாள்: "எனக்கு லெட்டர் போடும்போதும் இப்படித்தானே எழுதுவீங்க? எட்டுப் பேரும் நீங்களா?"

அவர் குமிழியைப் பார்த்தார். "இவதான், வேணும்னே எழுதினா!"

குமிழி ப்ரூஃபை மேஜைமேல் வைத்தாள். "கையெழுத்து உங்களுது சார்."

ஆகஸ்டிலிருந்து அவர் சந்தா பிரிவில், வேறு கட்டடத்தில்.

கதையின் முடிவில் கதாநாயகி டாக்டரையே ஏற்றுக்கொண்டாள், ஓட்டு என்ன சொன்னாலும் ஜப்பானிய மூலத்தில் அப்படித்தான். குமிழி ஒரு சொல் மாற்றாமல் எழுதினாள்: 'மன்னித்துவிட்டேன்.' ரெண்டு சுழி. வாசகர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

"அவ மன்னிச்சா. நான் எழுதித்தானே குடுத்தேன்" என்றாள்.

பதினொரு வருடம் கழித்து, நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கையில், அவள் பெயருக்குப் பதிவுத் தபால் ஒன்று வந்தது. உதவி ஆசிரியர் எழுதியது. ஒரே வரி: 'என்னை மன்னித்துவிடுங்கள்.' சிவப்புப் பேனாவை எடுத்தவள் திருத்த ஒன்றுமில்லாமல் மூடினாள்.

"எழுத்துக் கூட்ட வந்துடுச்சு" என்றாள். என் பதிவேட்டை இழுத்து, 'நடவடிக்கை' என்ற கட்டத்தில் அவளே எழுதினாள்: 'பிரசுரத்துக்கு ஏற்றதல்ல.'

அந்த வரிசையில் முதல் கட்டத்தை மட்டும் நான் நிரப்பினேன். வந்த தேதி: பிப்ரவரி 9.