முனியாண்டி கோயிலில் கேட்ட பந்தயம்

எங்கள் தோட்டத்துச் சாலையில் போகிற எந்த வண்டியும் முனியாண்டி கோயிலைத் தாண்டும்போது ஹாரன் அடிக்கும். பள்ளி பஸ் அடிக்கும், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி அடிக்கும், அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கூட அடித்துவிட்டுத்தான் போவார். அடிக்காமல் போனவர்களுக்கு என்ன ஆனது என்று எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். எல்லாக் கதையும் கால்வாயில்தான் முடியும்.

மாமாவின் பந்தய மோட்டார்சைக்கிளை ஏற்றிக்கொண்டு போன லோரி அன்று காலை ஹாரன் அடிக்கவில்லை. ஓட்டியவர் கோலாலம்பூரிலிருந்து வந்த மெக்கானிக். பாவம், அவருக்கு முனியாண்டியைத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவுக்கும் அன்று வேறு நினைப்பு. வாசலில் நின்று அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த அம்மா சாலைக்கே ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

"சாமிகிட்ட சொல்லிக்காமப் போறான் பாரு," என்றார். உடனே எலுமிச்சம்பழம், சுருட்டு, கைப்பேசி மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். பந்தயம் முடிகிறவரை அங்கேயேதான் இருப்பது என்று தீர்மானம்.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. பெற்றவர்கள் போன பிறகு அவரை வளர்த்தது அம்மாதான். வார நாளில் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடுமுறையில் ஏதாவது ஒரு பட்டணத்துச் சாலையை அடைத்துக் கப்சாய் என்கிற சின்ன மோட்டார்களின் பந்தயம் நடக்கும், அங்கே போய்விடுவார். அந்த வருடம் முழுக்க அவரும் ஒரு ஜொகூர்க்காரரும் மாறி மாறி முந்திக்கொண்டு வந்து, புள்ளியில் சரிசமமாக நின்றார்கள். அன்று நடந்த, வருடத்தின் கடைசிப் பந்தயத்தில் யார் முந்துகிறாரோ அவர்தான் சாம்பியன். மாமா ஜெயித்தால் ஒரு பந்தயக் குழு அவரைப் பெரிய மோட்டாரில் ஏற்றுவதாகச் சொல்லியிருந்தது. தோற்றால் இனிமேல் பந்தயமே இல்லை என்று அம்மாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார்.

எனக்கு அந்தப் பெரிய மோட்டாரைவிட மாமாவின் எலும்புகள்தான் கவலை. நான் பார்த்தவரை மாமா தோற்பது என்றால் விழுவதுதான். ஒருமுறை தோற்றபோது தோள்பட்டை உடைந்தது. இன்னொருமுறை தோற்றபோது முழங்காலுக்குள் கம்பி வைத்தார்கள். மற்ற பந்தயங்களிலும் அவர் பின்தங்கியிருக்கலாம். அதையெல்லாம் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

பந்தயத்துக்குப் போயிருந்த அப்பா கைப்பேசியில் கூப்பிட்டு, நடப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அதைச் சத்தமாக வைத்து, அரிவாள் ஓங்கி நிற்கும் சாமியின் காலடியில் வைத்தார். தகர டப்பாவுக்குள் வண்டுகளை அடைத்து ஆட்டினாற்போல் இரைச்சல். அப்பாவுக்கு வர்ணனை வராது. "போறான்… போறான்… ஐயோ," என்பார். பிறகு இரைச்சல்தான் கேட்கும்.

"என்னங்க ஐயோ?" அம்மா கைப்பேசியின் பக்கம் குனிந்து கேட்டார்.

"ஒண்ணுமில்லலா, மழ தூறுது. ரோடு வழுக்குது. ஒருத்தன் விழுந்துட்டான். நம்மாளு இல்ல."

கடைசி ரவுண்டு என்று அப்பா சொன்னார். அதோடு லைன் அறுந்தது.

செம்பனைத் தோப்புக்குள் லைன் வந்து வந்து போகும்; கோயிலை ஒட்டிய சாலைப் பாலத்தில்தான் ஒழுங்காகக் கிடைக்கும். அம்மா கைப்பேசியைக் கொடுத்து என்னை அங்கே விரட்டினார். நான் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. காது மந்தமானவரிடம் பேசுவதுபோல் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அவன் தோத்துடணும். இந்த ஒரு தடவ தோத்துடணும்யா. ஒனக்குச் சேவல் அறுக்கறேன்."

பெற்ற பிள்ளைபோல வளர்த்த தம்பியை விழவைக்கச் சொல்லி, அதுவும் ஹாரன் கேட்காமல் கோபத்தில் இருக்கிற சாமியிடம் அம்மா கேட்கிறார். அந்த ஒரு நிமிடம் அம்மாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பேசியோடு சேர்த்துக் கும்பிட்டேன். சாமி, அம்மா சொல்வதைக் கேட்காதே, மாமா ஜெயிக்கணும், அவர் ஜெயிக்கணும்.

கும்பிட்ட கைக்குள்ளேயே கைப்பேசி அலறியது. "ஜெயிச்சிட்டான்! அம்மாகிட்ட சொல்லு, ஒம்மாமன் ஜெயிச்சிட்டான்," என்று அப்பா கத்தினார். செருப்பை மறந்து ஓடினேன்.

"விழலையே?" என்று மட்டும் கேட்டார் அம்மா.

"விழலம்மா. ஜெயிச்சிட்டாரு."

அம்மா கையைத் தரையில் ஊன்றியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். சூடம் கொளுத்தப்போனார், தீக்குச்சி பற்றவில்லை, நான்தான் பற்றவைத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் மாமா கோப்பையோடு வந்தார். அம்மா கோப்பையைப் பார்க்கவில்லை. அவருடைய தோள், முழங்கை, முழங்கால் என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார்.

"எல்லாம் இருக்குக்கா," என்று மாமா சிரித்தார். "அடுத்த வருசம் பெரிய மோட்டாருக்கா. அதோட வேகமே வேற."

அம்மா சிரித்துக்கொண்டே அவர் வாயில் சீனியைப் போட்டார். கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியதும் நான்தான். அம்மாவின் வேண்டுதலை என் வேண்டுதல் அடித்துவிட்டது, மாமாவைக் காப்பாற்றியது நான் என்று எனக்குள் ஒரே பெருமை. விழாமலும் தோற்கலாம் என்பதும், அம்மா சாமியிடம் கேட்டது அதைத்தான் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.