கிழக்கு கேட்டின் பூட்டு

நாகராஜ் செத்து நாற்பத்தேழு நாள் ஆகியிருந்தது. வரலட்சுமி இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வைத்திக்குப்பமே அதைப் பேசியது.

"ஒருவாட்டி வாய் விட்டு அழுதுடுடி. இல்லாட்டி நெஞ்சுல கட்டிக்கும்" என்று அவளுடைய அக்கா கன்னியம்மாள் தினமும் சொல்லிப் பார்த்தாள்.

"வர்லக்கா. வந்தா அழ மாட்டனா?"

அவள் பொய் சொல்லவில்லை. ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு அரை மணி நேரம் மீன் துழாவினால், அது நம் விரல்தானா என்றே தெரியாமல் போகும் பாருங்கள், அவளுடைய மனம் அப்படிக் கிடந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே தேங்காய்த்திட்டு மீன் ஏலத்தில் போய் நின்றாள். கானாங்கத்தை எடுத்தாள். ஷேர் ஆட்டோவில் கூடையை ஏற்றினாள். முல்லா வீதி முனையில், இருபது வருடமாக உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்து செதில் சீவினாள். யாராவது துக்கம் கேட்டால், "ஆமாம்மா, போய்ட்டாரு" என்பாள், கடையில் உப்பு தீர்ந்துபோய்விட்டது என்பதைப் போல.

பெரியகாலாப்பட்டில் பிறந்து, இருபது வயதில் வைத்திக்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். நாகராஜ் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். குடி இல்லை, கை நீட்டுகிற பழக்கம் இல்லை. ஒரே மகள் பூவிழியைக் கடலூரில் நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். இத்தனை நிறைந்த வாழ்க்கையில் வரலட்சுமிக்குச் சக்களத்தி என்று ஒருத்தி இருந்தாள் என்றால், அது வங்கக்கரை கால்பந்துக் கழகம்தான்!

ஊரில் ஆட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அவளுக்குச் சொந்தமில்லை. மைதானத்தின் கிழக்கு ஸ்டாண்டில், குப்பத்து ஆட்களோடு நின்றுகொண்டு நடுவரைத் திட்டுவான். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் பாதி, நாகராஜின் வாயைக் கேட்க வருகிறவர்கள் மீதி என்று ஊரில் சொல்வார்கள். வரலட்சுமி ஒருநாள்கூட அந்த மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை. "பந்தையே கட்டிக்கிட்டிருக்கலாம் இல்ல நீ?" என்று கேட்பாள். "அது மீன் குழம்பு வெக்காதே" என்பான் அந்தப் பாவி மனுஷன்.

இந்த வருடம் கழகம் பெரிய லீக்கில் சேர்ந்தது. உள்ளூர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஐநூறு பேராவது வரவேண்டும், இல்லாவிட்டால் மீதி ஆட்டங்களை வெளியூருக்கு மாற்றிவிடுவோம் என்பது லீக்கின் விதி. வருகிறவர்களை எண்ணுவதற்கு முன் கேட்டில் மெஷின் வைத்தார்கள். எண்ணாமல் ஒருவரும் நுழைந்துவிடக் கூடாதென்று, காலங்காலமாகக் குப்பத்து ஜனங்கள் வந்துபோன கிழக்கு கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள்.

மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கரையில் சும்மா இருந்தார்கள். அன்றைக்கு மெஷின் காட்டிய கணக்கு ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் இடியோடு மழை கொட்டியது. மொத்தக் கூட்டமும் ஒரே கேட்டுக்கு ஓடியது. கிழக்கு ஸ்டாண்டில் நாகராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த கிழக்கு கேட்டுக்கு ஓடினார்கள். பூட்டு. கம்பிக்கு அந்தப் பக்கம் ஆட்டோ நின்றது, டிரைவர் கதவருகே வந்து கையைக்கூட நீட்டினான். சாவி முன்பக்க ஆபீசில் இருந்தது. நெரிசலைக் கடந்து, மைதானத்தையே சுற்றி அவனை வெளியே கொண்டுவர இருபது நிமிடம் ஆனது. கதிர்காமம் ஆஸ்பத்திரி வாசலைத் தொடும்போது உயிர் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று உள்ளூர் ஆட்டங்கள் நடந்தன. வந்தவர்கள் எழுபத்தொருவர், ஐம்பத்தெட்டுப் பேர், அறுபத்துமூன்று பேர். கிழக்கு ஸ்டாண்டில் ஒரு காக்கைகூட உட்காரவில்லை. கழகம் இலவச டிக்கெட் அனுப்பியது. பனியன் அனுப்பியது. கட்டுப் பிரிக்காமல் எல்லாம் திரும்பி வந்தன. குப்பத்துக்காரர்களுக்குக் கோபம் என்று ஊர் நினைத்தது. வரலட்சுமியும் அப்படித்தான் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை பகல் தொழுகை முடிந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் முஹம்மது ஆரிப் அவள் கூடைக்கு முன்னால் வந்து நின்றான். கழகத்தின் செயலாளர் அவன்தான். அவன் அம்மா சுரையா, வரலட்சுமியிடம்தான் வருடக்கணக்காக மீன் வாங்குகிறாள். பள்ளிக்கூடப் பையோடு இவன் ஓடியதை எல்லாம் பார்த்தவள்தான் வரலட்சுமி.

"அக்கா, நாளன்னிக்கு ஆட்டம். இந்தவாட்டியும் கூட்டம் வரலைன்னா எல்லாத்தையும் வெளியூருக்கு மாத்திடுவாங்க."

"சரி தம்பி."

"நீங்க ஒரு தடவ வந்து உக்காந்தா போதும்க்கா. ஸ்டாண்டுக்கு அண்ணன் பேரு வெக்கறோம். பெரிய போட்டோ மாட்டறோம்."

"அவங்க வராததுக்கு நான் இன்னா பண்றது? நானா வேணான்னன்?"

ஆரிப் திகைத்தான். "நீங்கதான் சொல்லணும்னு சொல்றாங்களேக்கா! ஏன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்கல."

கத்தி அவள் கையில் அப்படியே நின்றது.

அன்று சாயங்காலம் கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த சுப்ரமணியிடம் போனாள். நாகராஜுக்குத் தம்பி மாதிரி அவன். ரசிகர் கூட்டத்துக்குத் தலைவனும் அவன்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"நான் இன்னாடா சொல்லணும்?"

சுப்ரமணி மணலைப் பார்த்தான். "தொழிலுக்குப் போங்கன்னு நீ இன்னும் சொல்லலியே அண்ணி."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. குப்பத்தில் ஒருவர் அகாலமாகப் போய்விட்டால் படகு இறங்காது. செத்த வீட்டிலிருந்து ஒருவர் வந்து, "தொழிலுக்குப் போங்க" என்று சொன்னால்தான் மற்றவர்கள் கடலில் கால் வைப்பார்கள். நாகராஜ் இறந்த மூன்றாம் நாளே, தடை இல்லாத சின்னப் படகுகளுக்காக, அவனுடைய அண்ணன் அந்த வார்த்தையைக் கடலுக்குச் சொல்லிவிட்டார். மைதானத்துக்கும் ஒருவர் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

"நாங்க ஆட்டத்துக்குப் போறதும் ஒண்ணாப் போறதுதான? நீ சொல்லல. உனக்குக் கோவம் ஆறலன்னு இருந்தோம்."

"உங்களுக்குத்தான் கோவம்னு நான் இருந்தன். ஏழு வாரமா ஒரு வார்த்த கேக்க உனக்கு வாய் இல்லியாடா? ஆட்டத்துல மட்டும் ஒம்போது ஊருக்குக் கத்துவியே!"

"செத்த ஊட்டுல போயி, நாங்க போவட்டுமான்னு எவன் அண்ணி கேப்பான்? அது நீயா சொல்லணும்."

சுற்றி இருந்தவர்கள் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். இரண்டே வார்த்தை. சொல்ல வாயைத் திறந்தவள் கேட்டாள்.

"எந்த வழியாப் போவீங்க?"

"முன் கேட்டுதான்."

"கிழக்கு கேட்டு?"

"பூட்டிதான் கெடக்குது."

"அப்ப நான் சொல்ல மாட்டன்" என்றாள். திரும்பி நடந்தாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடச் சுப்ரமணிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் ஆரிப் மறுபடியும் வந்தான். அவள் வவ்வால் மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டே பேசினாள்.

"பேரும் வேணாம், போட்டோவும் வேணாம் தம்பி. கிழக்கு கேட்டத் தெறந்து வையி."

"அதுதான்க்கா கஷ்டம். தெறந்தா எண்ணாமயே ஆளுங்க உள்ள பூந்துடுவாங்க. ஆயிரம் பேரு வந்தாலும் கணக்குல நானூறுதான் நிக்கும்."

"உள்ள வர்றதுக்கு நான் கேக்கல. வெளிய போறதுக்குக் கேக்கறன்."

ஆரிப் படித்தவன், கமிட்டிக் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டு விதி எழுதியவன். உள்ளே வருகிறவனைத்தான் இத்தனை நாளும் எண்ணியிருந்தான்.

"கமிட்டி ஒத்துக்குமான்னு தெரியலக்கா."

"அப்ப ஊர மாத்திக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுடைய போன் அடித்தது. "வந்து பாருங்கக்கா" என்றான் ஆரிப். இராத்திரி கமிட்டியில் என்ன சண்டை நடந்ததோ, அவன் குரல் கட்டிப்போயிருந்தது.

நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாக வரலட்சுமி அந்த மைதானத்துக்குள் நுழைந்தாள். புல் அவள் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தது. கிழக்கு கேட் இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது. அம்மாவாசை என்கிற காவலாள் பக்கத்தில் நின்றான். ஆனால் ஒரு கதவில் சங்கிலியும், அதில் பூட்டும் தொங்கின.

"இத எடுத்துக்கினு போயிடு தம்பி. இருந்தா எவனாவது மாட்டிடுவான்."

ஆரிப் தன் கையாலேயே சங்கிலியை உருவினான். அவள் கேட் வழியாக வெளியே நடந்தாள். ஆட்டோ நிற்கும் இடத்துக்குப் பதினோரு அடி. பதினோரு அடி! அங்கேயே சிறிது நேரம் நின்றாள். எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டு விழுந்திருப்பாள். விழவேண்டும் என்று அவளும் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. திரும்பி உள்ளே வந்து சுப்ரமணிக்குப் போன் போட்டாள்.

"தொழிலுக்குப் போங்கடா."

மறுமுனையில் அந்த முரடன் குழந்தை மாதிரி விம்மினான்.

அன்று மாலை மெஷின் காட்டிய கணக்கு ஆயிரத்து முப்பத்தாறு. மேளம் வந்தது, விசில் வந்தது. அவளை மாலை போட்டு முன்வரிசையில் உட்காரவைக்க ஆள் வந்தார்கள். அவள் போகவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, கிழக்கு கேட்டின் ஓரத்தில், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். பின்னால் கடல் பொங்குவது போலக் கூட்டம் கத்தியது. அந்தச் சத்தத்தில் ஒரு குரல் குறைவது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர, வலிக்கவில்லை.

ஓசியில் நுழையப் பார்த்த ஒரு பெரிய மனிதரை அவளே மறித்தாள். "முன்பக்கமாப் போய்யா. அங்க எண்ணுவாங்க."

"நான் யாரு தெரியுமா?"

"ஒரு ஆளு. அதான் எண்ணணும், போ."

இரண்டாம் பாதியில் தூறல் விழுந்தது. அம்மாவாசை கதவில் கை வைத்தான். "சாரல் அடிக்குதும்மா. ஒரு பக்கம் சாத்தட்டுமா?"

"ஆட்டம் முடிஞ்சிடுச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப கெடக்கட்டும்."

விசில் ஊதினார்கள். ஜனங்கள் அவளைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள். சிலர் கும்பிட்டார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் வடிந்து, ஒருவர் இருவராகி, கடைசியில் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு சுப்ரமணி வந்தான்.

"ரெண்டு கோல்ல தோத்துட்டோம் அண்ணி."

"எல்லாரும் வெளிய வந்துட்டாங்களா?"

அவன் திரும்பிக் காலி ஸ்டாண்டைப் பார்த்தான். "வந்துட்டாங்க."

வரலட்சுமி நாற்காலியை விட்டு எழுந்தாள்.