உப்புத் தண்ணீர் ஊசி போட்ட கூடு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். அதற்குப் பிறகு சண்டிலிப்பாயில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தேன், பேக்கரியில் மா பிசைந்தேன், லொறியில் மூட்டை ஏற்றினேன். எங்கும் அதிக நாள் நின்றதில்லை. குருநகரில் கொடுவா மீன் வளர்க்கும் ஓர் அண்ணையிடம் போனதும் அங்கே சாப்பாடும் படுக்க இடமும் கிடைத்ததால்தான்.

அண்ணைக்கு ஒரு தோள் பழுது. வலை இழுக்க முடியாமல் போனதும் ஆழமில்லாத பரவைக்கடலில் இரண்டு வலைக்கூடுகள் கட்டி மீன் வளர்க்கத் தொடங்கியிருந்தார். போன மாரியில் மழைத்தண்ணீர் கலந்ததும் மீன்களுக்கு வருத்தம் வந்தது. உடம்பில் சிவப்புப் புண், பிறகு வயிறு மேலே. அவ்வளவும் செத்துப்போக, புதுக்குஞ்சுகள் வாங்கி விட்டிருந்தார். இந்த மாரியும் அப்படியென்றால் கூடுகளைக் கழற்றிவிடப்போவதாகச் சொன்னார். கழற்றிவிட்டு அந்தத் தோளோடு என்ன செய்வது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அப்போதுதான் தெல்லிப்பழையிலிருந்து ஓர் இளவயதுக்காரர் வந்தார்; அண்ணை அவரைப் 'பிள்ளை' என்றே கூப்பிட்டார். பல்கலைக்கழகத்தில் மீன் நோய்களைப் பற்றி ஆராய்பவர். ஐஸ் பெட்டிக்குள் சின்னச் சின்னப் போத்தல்களில் மீன்களுக்கான தடுப்பு மருந்து.

"இது கிருமியில்லை அண்ணை. கிருமியின்ரை மேல்தோலிலை இருக்கிற ஒரு புரதம் மட்டும்தான். அது போட்டிருக்கிற சட்டை எண்டு வையுங்கோ. சட்டையை முதலே காட்டி வைச்சால், ஆள் வரேக்கை மீன்ரை உடம்பு பிடிச்சுப்போடும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சட்டையைப் பார்த்து ஆளைப் பிடிப்பதைச் சோதனைச்சாவடிகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் பிடிபட்டிருக்கிறேன்.

"சரிவருமோ?" என்று கேட்டார் அண்ணை.

"தொட்டியிலை சரிவந்தது. கடல்லை இனித்தான் பாக்கவேணும். ஒரு கூட்டுக்கு மருந்து, மற்றதுக்கு வெறும் உப்புத் தண்ணி."

"கடல் மீனுக்கு உப்புத் தண்ணி ஊசியோ? என்ன பிள்ளை பகிடி விடுறீர்?"

"ஒப்பிட்டுப் பாக்காட்டில், மருந்தாலை தப்பினதோ தன்ரை பாட்டிலை தப்பினதோ எண்டு தெரியாது."

அண்ணை இரண்டாவது கூட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு "ஓம்" என்றார்.

கராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மீன்களை மயக்கி வயிற்றில் ஊசி போட்டோம். வள்ளம் முழுக்கக் கலியாண வீட்டுச் சமையல் மணம். ஒரு மீன் அரை மயக்கத்தில் துள்ள, ஊசி என் பெருவிரலில் ஏறிவிட்டது.

"பயப்பிடாதை, இனி உனக்குச் சிவப்புப் புண் வராது!" என்றார் அண்ணை. பிள்ளை மட்டும் சிரிக்காமல் விரலைக் கழுவச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிய, அண்ணை பங்கு ஃபாதரை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். புது வள்ளம், புது வலை என்றால் ஆசீர்வதிப்பது இங்கே வழமை. மருந்து போட்ட கூட்டுக்குத் தீர்த்தம் தெளிக்க ஃபாதர் கையைத் தூக்கியதும் அண்ணை தடுத்தார்.

"அதுக்கு மருந்திருக்கு ஃபாதர். மற்றதுக்குத் தெளியுங்கோ. அதுகளுக்கு ஒருதரும் இல்லை."

ஃபாதரும் தெளித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம், பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையில் கையை வைத்தார்.

"ஐயோ அண்ணை, எதெண்டாலும் ரெண்டுக்கும் ஒரே மாதிரிச் செய்யவேணும்!"

ஆகவே மறு ஞாயிறும் ஃபாதர் வள்ளம் ஏறினார். "இப்ப சமமோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டே மருந்துக் கூட்டுக்கும் தெளித்தார்.

மாரி பிறந்தது. வருத்தமும் வந்தது. உப்புத் தண்ணீர்க் கூட்டில் மீன்கள் கறுத்து, இரை எடுக்காமல் ஓரமாக ஒதுங்கின. காலையில் அண்ணை முதலில் அந்தக் கூட்டுக்குத்தான் வள்ளத்தை விடச் சொல்வார். செத்ததை நான் அள்ளுவேன். மருந்துக் கூட்டிலும் சில செத்தன. ஆனால் இரை விழுந்தால் தண்ணீர் கொதிப்பதுபோல் மற்றவை பாய்ந்து வந்தன. மழை ஓய்ந்த பிறகும் அப்படியே பாய்ந்தன.

அண்ணை தோளைத் தடவிக்கொண்டு, "தப்பியாச்சு" என்றார். மீனைச் சொன்னாரா தோளைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

"ஒரு மாரியை வைச்சு முடிவு சொல்லேலாது. அடுத்த முறையும் ரெண்டு கூடு வேணும் அண்ணை" என்றார் பிள்ளை, தயங்கித் தயங்கி.

உப்புத் தண்ணீர்க் கூட்டில் எஞ்சிய நாலைந்து மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அண்ணை அவற்றுக்கு ஒரு பிடி இரை எறிந்தார்.

"சரி, வைப்பம். ஆனா ஃபாதரை ஒரேயடியா ரெண்டுக்கும் தெளிக்கச் சொல்லுவம். அந்தாளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளுறேல்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ நிப்பியோ, வழக்கம்போலை ஓடிப்போடுவியோ?"

"எனக்கும்தானே ஊசி போட்டிருக்கு அண்ணை. நிண்டு பாப்பம்" என்றேன்.