படைமரத்தின் மேல் போட்ட பழி

பிள்ளைகளா, வயிறு வலிக்குதுன்னு நீங்கள் சொன்னால் நான் போட்டது போட்டபடி ஓடி வருவதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். காரணம் சொல்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. அருப்புக்கோட்டையில் எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்துப் பக்கத்துத் தறியில் நெய்தார்கள். அப்பாவுக்கு வருஷக்கணக்காக வயிற்றெரிச்சல். நெய்கிற துணியைச் சுற்றும் படைமரம் வயிற்றில் இடிப்பதுதான் காரணம் என்று வீட்டில் முடிவுகட்டி, அந்தக் கட்டைக்குப் பழைய வேட்டியைச் சுற்றினார்கள். எரிச்சல் குறையவில்லை. அப்பாவைப் பெற்ற தாத்தா ரத்த வாந்தி எடுத்து இறந்தவர். அந்தப் பயத்தில் அம்மா அப்பாவை மதுரைக்குக் கிளப்பினார். நானும் மதுரை பார்க்கிற ஆசையில், "எனக்கும் எரியுதும்மா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.

டாக்டர் அப்பாவுக்கு வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். "இரைப்பை ரொம்ப நாளா புண்ணாகிக் கெடக்கு. பயப்படாதீங்க, மாத்திரையில ஆறிடும்."

"படைமரம் இடிச்சுத்தான சார்? நானும் எந்தம்பியும் தறி நெய்யிறோம்."

"ஒங்க தம்பிக்கும் எரியுதா?"

"அவனுக்கா? பச்ச மொளகாயக் கடிச்சுக்கிட்டே நெய்வான் சார்!"

டாக்டர் சிரித்துவிட்டார். புண்ணுக்குக் காரணம் படைமரமில்லை, ஒரு கிருமி; அது இரண்டு பேர் வயிற்றிலும் இருக்கலாம். ஒருவர் உடம்பு தாங்கும், இன்னொருவருக்குப் புண்ணாகும். அந்த வாகு பிறவியிலேயே வருவது, பெற்ற பிள்ளைக்கும் இறங்கலாம், இறங்காமலும் போகலாம் என்றார்.

அப்பாவின் முகம் செத்துப்போனது. "இவனும் எரியுதுங்கிறானே சார்..."

"வாடா தம்பி, படு."

மேஜையில் அந்தக் கறுப்புக் குழாய் சுருண்டு கிடந்தது.

"எரியல! பஸ்ஸுல வாரதுக்குச் சொன்னேன்!" என்று அலறினேன்.

முதுகில் விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். "ஏலே, திருட்டுப்பயலே!" என்று அப்பா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு சிரித்தார். வெளியே வந்ததும் அல்வா வாங்கித் தந்தார். தன் வயிறு ஆறிவிடும் என்ற சந்தோஷம் போல என்று நினைத்துத் தின்றேன். பொய் சொன்னவனுக்கு எதற்கு அல்வா என்பது அன்று விளங்கவில்லை.

போன மாதம் சின்னவளுக்கு வயிற்றுவலி என்று கூட்டிப்போனோமே, டாக்டரம்மா "ஒண்ணுமில்ல, வெறும் அஜீரணம்" என்றதும் நீங்கள் இரண்டு பேரும் ஐஸ் வாங்க ஓடிவிட்டீர்கள். நான் ஆஸ்பத்திரிக் குழாயடிக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு, வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தேன்.